காலியாகத் திரும்பாத டப்பா

நம் சபையில் எனக்காக ஜெபித்தவர்களுக்கும், ஜெபிக்கிறேன் என்று சொல்லிவிட்டு மறந்துபோனவர்களுக்கும் ஸ்தோத்திரம். கடந்த ஞாயிறு ஆராதனையில் எழுந்து நின்று இதைச் சொல்லத்தான் நினைத்தேன். முப்பது வருடம் பிரசவ வார்டில் சத்தம் போட்டுப் பழகிய தொண்டை, அன்றைக்குப் பார்த்து அடைத்துக்கொண்டது. அதனால் எழுதித் தருகிறேன். பொறுமையாகப் படியுங்கள்.

நவம்பர் மாதம் ஒரு மத்தியானம். கட்டில்மேல் பெட்டியைத் திறந்துவைத்து, எதை எடுப்பது எதை விடுவது என்று பார்த்துக்கொண்டிருந்தேன். உகாண்டாவுக்குப் போக வேண்டிய பெட்டி. அப்போது நஞ்சன்கூட்டிலிருந்து போன் வந்தது. என் கணவர் ஜெயசீலன் அங்கே ஒரு தொழிற்சாலையில் ஸ்டோர்ஸைப் பார்த்துக்கொள்கிறார். அவரோடு வேலை செய்யும் பசவராஜுதான் பேசினார். சார் மயங்கி விழுந்துவிட்டார், உடம்பெல்லாம் வேர்த்து ஊற்றுகிறது, காரில் மைசூருக்குக் கூட்டி வருகிறோம் என்றார். இது முதல் தடவை இல்லை. ஆனால் முன்பெல்லாம் தலைசுற்றல், கை நடுக்கம் என்ற அளவில் நின்றுபோயிருந்தது. இந்த முறை நினைவே இல்லையாம்.

நான் பெட்டியை மூடிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினேன். எல்லாம் முடிந்துபோயிற்று என்று நினைத்தேன்.

உகாண்டா எங்கிருந்து வந்தது என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். மைசூரில் நர்சிங் படிக்க வந்த க்ரேஸை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். படிப்பு முடியும்வரை முக்கால்வாசி ஞாயிற்றுக்கிழமை அவளுக்கு எங்கள் வீட்டில்தான் சாப்பாடு. என்னை மம்மி என்று கூப்பிடுவாள், என் ரசத்தைக் குடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொள்வாள். ஊருக்குப் போய் ஒரு சின்ன மிஷன் ஆஸ்பத்திரியில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கே பிரசவ வார்டில் ஆள் போதவில்லை, அனுபவமுள்ள நர்ஸ் யாராவது ஆறு மாதம் வந்து கூட நின்றால் பெரிய உதவி என்று ஒருநாள் சொன்னாள். அவள் பொதுவாகத்தான் சொன்னாள். எனக்கு அது என் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டது மாதிரி இருந்தது. கல்யாணத்துக்கு முன்பே எனக்கு இந்த ஆசை உண்டு. பிறகு குடும்பம், மகளின் படிப்பு, மகளின் கல்யாணம் என்று நாள் ஓடிவிட்டது. இப்போது மகள் ஓசூரில் இருக்கிறாள். நானும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டேன். இனி என்ன சாக்கு?

கணவரிடம் சொன்னேன். பேப்பரை மடித்து வைத்தார். "போயிட்டு வா" என்றார். மறுபடி பேப்பரைப் பிரித்துக்கொண்டார். அவ்வளவுதான். அவர் அப்படித்தான். ஒரு நாளைக்கு இவ்வளவு வார்த்தை என்று ஸ்டோர்ஸில் எண்ணி வாங்கி வருகிறவர் மாதிரி பேசுவார். அவருக்கும் சேர்த்து நான் பேசிவிடுவேன்.

தசரா முடிந்ததும் கிளம்புவதாக ஏற்பாடு. பெங்களூருவுக்குப் போய் மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்டுக்கொண்டு வந்தேன். அங்கே மின்சாரம் அடிக்கடி போகும், மானிட்டரை நம்ப முடியாது என்று க்ரேஸ் சொல்லியிருந்தாள். அதனால் தாயின் வயிற்றில் வைத்துக் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்கிற பழைய உலோகக் குழலை அலமாரியிலிருந்து தேடி எடுத்தேன். மைசூரில் அக்ரஹாரம் என்கிற பகுதியில் எங்கள் வீட்டுக்குப் பக்கத்தில் ஒரு பெண் கர்ப்பமாக இருந்தாள். அவளிடம் அனுமதி கேட்டுக் காதைத் தீட்டிக்கொண்டேன். மருந்துகளோடு க்ரேஸின் ஊர் மொழியில் நாலு வார்த்தையும் சேர்த்துக்கொண்டேன். நன்றிக்கு "வெபாலே". பிரசவத்தில் முக்கு என்று சொல்வதற்கு "சிந்திகா". சமையலறையில் நின்று சிந்திகா, சிந்திகா என்று நான் பழகுவேன். ஹாலில் என் கணவர் டிவி சத்தத்தைக் கூட்டிவைப்பார்.

இந்த நேரத்தில்தான் அவர் இளைக்க ஆரம்பித்தார்.

முதலில் பெல்ட்டில் புது ஓட்டை போட்டார். அவருக்குப் பத்து வருடமாகச் சர்க்கரை உண்டு, காலையில் ஒரு மாத்திரை. பரிசோதனையில் சர்க்கரை நன்றாகக் குறைந்திருக்கிறது என்று டாக்டர் முதுகில் தட்டிக்கூடக் கொடுத்தார். ஆனால் சாயங்காலம் கம்பெனி பஸ்ஸிலிருந்து இறங்கி வருகிறவரைப் பார்த்தால் பிழிந்து போட்ட துணி மாதிரி இருப்பார். கை நடுங்கும். எரிச்சலே வராத மனுஷன் சுள்ளென்று விழுவார். காப்பி குடித்து, எதையாவது சாப்பிட்ட பிறகுதான் முகத்துக்கு ரத்தம் வரும். அதற்குப் பிறகு நான் விரலைக் குத்திப் பார்ப்பேன். சர்க்கரை சரியாக இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் ஆள் நன்றாக இருப்பார். ஆராதனைக்கு வருவார், பிரியாணி சாப்பிடுவார், தூங்குவார். திங்கட்கிழமை மறுபடி ஆரம்பம். தொழிற்சாலைக் காற்றில் ஏதோ இருக்கிறது என்று முதலில் நினைத்தேன். அவரை இந்த நிலையில் விட்டுவிட்டு எப்படிப் போவது? பயணத்தை நவம்பர் கடைசிக்குத் தள்ளினேன். ஒரு வாரம் லீவு போடவைத்து வீட்டில் உட்காரவைத்துப் பார்த்தேன். பூரணமாகத் தேறிவிட்டார். வேலைக்குத் திரும்பினார், மூன்றாம் நாளே படிக்கட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார் என்று பசவராஜு சொன்னார். பயணத்தை ஜனவரிக்குத் தள்ளினேன்.

டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். நேரா நேரத்துக்குச் சாப்பிடுகிறீர்களா என்று டாக்டர் கேட்டார். நான் விடுவேனா? காலைக்கும் மத்தியானத்துக்கும் நானேதான் டப்பாவில் கட்டிக் கொடுக்கிறேன் டாக்டர், ஒரு பருக்கை மிச்சமில்லாமல் காலியாக வருகிறது என்று சொன்னேன். டாக்டர் எழுதிக்கொண்டார். என் கணவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

அன்று பஸ்ஸில் வீடு திரும்பும்போது எனக்கு ஒன்று தோன்றியது. இவருக்கு நான் போவது பிடிக்கவில்லை. வாய் போயிட்டு வா என்கிறது, உடம்பு போகாதே என்கிறது. முப்பத்திரண்டு வருடம் கூட வாழ்ந்தவள் நான், இது புரியவில்லையே என்று என்மேலேயே கோபம் வந்தது. வீட்டுக்கு வந்து நேராகவே கேட்டேன். "ஏங்க, நான் போறதுல உங்களுக்கு மனசில்லையா?"

அவர் என்னைப் பார்த்த பார்வையில் ஒரு திடுக்கிடல் இருந்தது. "யாரு சொன்னா? நீ போ" என்றார். ஏதோ அவசரத்தில் சொன்னது மாதிரி இருந்தது. நான் நம்பவில்லை.

அதற்குப் பிறகுதான் அந்த நவம்பர் மத்தியானம். ஆஸ்பத்திரியில் சேர்த்தபோது அவர் சர்க்கரை தரைமட்டத்துக்கு இறங்கியிருந்தது. குளுக்கோஸ் ஏற்றினார்கள். கண்ணைத் திறந்தார். டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். ஒழுங்காகச் சாப்பிடுகிறவருக்கு, இவ்வளவு சின்ன மாத்திரைக்கு, இப்படி இறங்கக் கூடாது என்றார். எடையும் குறைந்திருக்கிறது, கணையத்தில் கட்டி ஏதாவது இருக்கிறதா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடலாம் என்றார். நான் நர்ஸ். கணையத்தில் கட்டி என்றால் என்னவெல்லாம் இருக்கலாம் என்று எனக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் காலை ஸ்கேன் எடுத்தார்கள். ரிசல்ட் சாயங்காலம் வரும் என்றார்கள். நான் வார்டுக்கு வெளியே படிக்கட்டு ஓரம் ஒரு பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அங்கேதான் ஜெபித்தேன். அழகான ஜெபம் இல்லை. கண்ணீரும் மூக்குச்சளியுமாக ஒரு ஜெபம். ஆண்டவரே, போ என்றால் போகிறேன், இரு என்றால் இருக்கிறேன், இந்த மனுஷனை மட்டும் எடுத்துக்கொள்ளாதேயும் என்றேன். உம்முடைய பதிலை எனக்குப் புரிகிற மாதிரி சொல்லும், நான் கொஞ்சம் மந்தம் என்றும் சொன்னேன். பிறகு க்ரேஸுக்கு, நான் வரவில்லை, மம்மியை மன்னித்துவிடு என்று போனில் டைப் செய்தேன். அனுப்பும் பொத்தானை அழுத்த விரல் வரவில்லை. அப்படியே வைத்துக்கொண்டிருந்தேன்.

அப்போது பசவராஜு படியேறி வந்தார். கையில் எங்கள் வீட்டு டிபன் டப்பா.

பசவராஜுவைப் பற்றிச் சொல்ல வேண்டும். கன்னடக்காரர். மனைவிக்கு ஊர் ராமாபுரம். அந்தப் பக்கம் எல்லோரும் தமிழ் பேசுவதால் இவருக்கும் ஒரு மாதிரி தமிழ் வரும். மனைவி முதல் பிரசவத்துக்காகத் தாய்வீட்டுக்குப் போயிருந்தாள். குழந்தையோடு அந்த வாரம்தான் திரும்பியிருந்தாள். என் கணவர் விழுந்த அன்று டப்பா பசவராஜுவிடமே தங்கிவிட்டதாம். அதைத் திருப்பிக் கொடுக்க வந்திருக்கிறார். நன்றி சொல்லி வாங்கினேன். கனமாக இருந்தது. திறந்து பார்த்தால் ஒப்பட்டு, நம்ம ஊர் போளிதான். நெய் மினுமினுக்க அடுக்கி வைத்திருந்தது.

"எதுக்குப்பா இதெல்லாம்" என்றேன்.

அவர் சங்கடத்தோடு நெளிந்தார். "காலி டப்பா குடுக்கக் கூடாதுன்னு என் சம்சாரம் சொன்னா அக்கா. ரெண்டு மாசமா உங்க கையில தானே நானு ஊட்டா பண்ணினேன். ஒரு தடவையாவது நிரப்பிக் குடுக்க வேணாமா? சாருக்கு சுகர் கம்மி ஆயிருச்சுன்னு சொன்னாங்க, அதுக்குத்தான் ஸ்வீட்டே செஞ்சிட்டா."

வெறும் டப்பாவைத் திருப்பிக் கொடுக்கக் கூடாது என்பது நம் வீடுகளிலும் உள்ள பழக்கம்தான். அது எனக்குப் புரிந்தது. ரெண்டு மாசமா என்றது புரியவில்லை. திருப்பிக் கேட்டேன். பசவராஜு வெள்ளந்தியாக எல்லாவற்றையும் சொன்னார். மனைவி ஊருக்குப் போனதிலிருந்து காலையும் மத்தியானமும் எங்கள் டப்பாவில்தான் அவருக்குச் சாப்பாடாம். எனக்கு இறங்கமாட்டேன் என்கிறது, மிச்சம் கொண்டு போனால் வீட்டில் திட்டு விழும், நீயே சாப்பிடு என்று என் கணவர் தினமும் டப்பாவை அவர் பக்கம் தள்ளிவிடுவாராம். மத்தியானம் மணியடித்ததும் தான் மட்டும் ஸ்டோர்ஸ் பின்பக்கம் போய்விடுவாராம். சார் கேண்டீனில் சாப்பிடுகிறார் என்று இவர் நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். "உங்க சட்னி சூப்பர் அக்கா, நான் குண்டாயிட்டேன்" என்று வேறு சொன்னார்.

நான் டப்பாவைத் தூக்கிக்கொண்டு வார்டுக்குள் போனேன். நடந்தேனா ஓடினேனா தெரியாது. அவர் கட்டில்மேல் டப்பாவை வைத்தேன். அவர் டப்பாவைப் பார்த்தார், பின்னால் வந்து நின்ற பசவராஜுவைப் பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார்.

"மத்தியானம் எங்க போனீங்க?" என்றேன்.

"ஜெபம் பண்ண."

"சாப்பிடாமலா?"

"உபவாசம்." பிறகு, எங்கள் கல்யாண வாழ்க்கையிலேயே அவர் ஒரே மூச்சில் பேசிய மிக நீண்ட பேச்சைப் பேசினார். "நீ போற ஊரு தெரியாத ஊரு. நீ ப்ளேன்ல ஏறி உட்கார்ற வரைக்கும் வேலை நாள்ல பகல் சாப்பாடு வேணாம்னு பொருத்தனை பண்ணிக்கிட்டேன். சொன்னா நீ விடமாட்டே. உபவாசத்தை வெளியில சொல்லவும் கூடாது. நான் என்னவோ தசராவோட முடிஞ்சிடும்னுதான் நெனச்சேன். நீ டிக்கெட்டைத் தள்ளித் தள்ளி வெச்சே. நான் என்ன பண்றது?"

கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன். இவருக்கு உடம்பு சரியில்லையே என்று நான் பயணத்தைத் தள்ளினேன். நான் பயணத்தைத் தள்ளியதால் இவர் உபவாசத்தை நீட்டினார். இவர் உபவாசத்தை நீட்டியதால் உடம்பு மோசமானது. நான் மறுபடி தள்ளினேன். ஞாயிற்றுக்கிழமை கர்த்தருடைய நாள், அன்று உபவாசம் இல்லை. அதனால்தான் ஞாயிறு நன்றாக இருந்திருக்கிறார். லீவில் வீட்டில் இருந்தபோது வேலை நாள் இல்லை, அதனால்தான் தேறியிருக்கிறார். மாத்திரையை மட்டும் ஒருநாள் தவறாமல் போட்டிருக்கிறார், ஏனென்றால் அதை நான் எதிரே நின்று கொடுப்பேன்.

"நான் போறது உங்களுக்குப் பிடிக்கலைன்னு நெனச்சேங்க" என்றேன். அழுகை வந்துவிட்டது.

"உனக்கு ஊசி போடத் தெரியும், பிரசவம் பார்க்கத் தெரியும். எனக்கு ஸ்டோர்ஸ் சாமான்தான் தெரியும். அங்க வந்து நான் என்ன பண்ணப்போறேன்? இதாவது செய்யலாம்னு பார்த்தேன்" என்றார்.

பசவராஜு கண்ணைத் துடைத்துக்கொண்டே வெளியே போனார். பாவம், இவ்வளவு நாள் சாப்பிட்டது அவருக்கு ஜீரணமாகாமல் போயிருக்கும்.

டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "சிஸ்டர், அன்னைக்கு நான் அவரைத்தானே கேட்டேன்? பதில் சொன்னது யாரு?" என்றார். என் கணவர் என்னிடம் பொய் சொல்லவே இல்லை, பாருங்கள். நான் அவரிடம் சாப்பிட்டீர்களா என்று ஒருநாளும் கேட்கவில்லை. டப்பாவைத் திறந்து பார்ப்பேன், காலியாக இருக்கும், திருப்தியாகிவிடுவேன். நான் கேட்காததால் அவருக்குப் பொய் சொல்லும் தேவையே வரவில்லை.

சாயங்காலம் ஸ்கேன் ரிசல்ட் வந்தது. கணையத்தில் எதுவும் இல்லை. கட்டி இல்லை, நிழல் இல்லை, ஒன்றுமே இல்லை. அதற்குப் பிறகும் இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் வைத்து, வேளைக்குச் சாப்பிடவைத்துப் பார்த்தார்கள். சர்க்கரை ஒரு தடவைகூட இறங்கவில்லை. ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம் என்று நான் ஆஸ்பத்திரி காரிடாரில் சத்தமாகவே சொல்லிவிட்டேன். நர்ஸ் பிள்ளைகள் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். மாதக்கணக்கில் நெஞ்சில் உட்கார்ந்திருந்த கல் இறங்கினால் யாரால் மெதுவாகப் பேச முடியும்? க்ரேஸுக்கு டைப் செய்ததை அழித்தேன். மம்மி வருகிறாள் என்று அனுப்பினேன்.

வீட்டுக்கு வந்ததும் இன்னொரு சிக்கல். பொருத்தனை பொருத்தனைதான், பாதியில் விடமாட்டேன் என்று என் கணவர் பிடிவாதம் பிடித்தார். பேசாதவர்களின் பிடிவாதம் எப்படி இருக்கும் என்று அவர்களைக் கட்டிக்கொண்டவர்களுக்குத் தெரியும். நம் போதகரைத்தான் கூப்பிட்டேன். அவர் வந்து அமைதியாக எல்லாவற்றையும் கேட்டார். நோயாளி மாத்திரையைப் போட்டுக்கொண்டு பட்டினி கிடப்பதை ஆண்டவர் கேட்கவில்லை என்றார். "அந்த மத்தியான நேரத்தை ஆண்டவருக்குக் கொடுங்க. ஜெபம் முடிஞ்சதும் பசவராஜுகூட உட்கார்ந்து சாப்பிடுங்க" என்றார். என் கணவர் யோசித்தார். சாப்பாட்டை விட முடியாது என்றால் காப்பியை விடுகிறேன் என்று ஒத்துக்கொண்டார். காப்பியை விடுவதெல்லாம் ஒரு உபவாசமா என்று கேட்பவர்கள், காலை ஆறு மணிக்கு என் வீட்டுக்கு வந்து அவர் முகத்தைப் பாருங்கள்.

இப்போது டப்பா பெரிதாகிவிட்டது. இரண்டு பேருக்குக் கட்டுகிறேன். பசவராஜுவின் மனைவி திரும்பி வந்துவிட்டாலும் நான் நிறுத்தவில்லை. அவள் அனுப்புகிற ராகிக் களி உருண்டையும் சொப்புச் சாறு என்கிற கீரைக் குழம்பும் டப்பாவில் திரும்பி வருகின்றன. அவள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு ஒருநாள் எங்கள் வீட்டுக்கு வந்தாள். நீங்கள் உங்கள் ஆண்டவரிடம் ஜெபிப்பதுபோல நானும் உங்கள் பயணத்துக்காக என் சாமியிடம் வேண்டிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டுப் போனாள். நான் சரி என்று தலையாட்டினேன். அன்புக்கு வேறென்ன சொல்வது.

பிரியமானவர்களே, இதில் எனக்குக் கிடைத்ததை உங்களிடம் சொல்லாமல் போகக் கூடாது. பதிலைக் கொடும், பதிலைக் கொடும் என்று நான் ஆண்டவரைக் கேட்டுக்கொண்டே இருந்தேன். போகலாமா வேண்டாமா என்று அழுதேன். தினமும் சாயங்காலம் பதில் என் வீட்டுக்கு வந்துகொண்டுதான் இருந்தது. என் கணவர் எனக்காகப் பசித்திருந்து கொண்டுவந்த காலி டப்பாவாக வந்தது. நான் அதைப் புளி போட்டுத் தேய்த்துக் கழுவிக் கவிழ்த்து வைத்துக்கொண்டிருந்தேன்.

முன்பெல்லாம் நான் தனியாகப் போவதாக நினைத்திருந்தேன். அழைப்பு என்னுடையது, தியாகம் என்னுடையது, சாட்சியும் என்னுடையது என்று ஒரு சின்ன பெருமை எனக்குள் இருந்தது. இப்போது அது இல்லை. என்னை அனுப்புகிறவர் நஞ்சன்கூட்டில் அட்டைப்பெட்டிகளுக்கு நடுவே முழங்காலில் நிற்கிறார். அவரிடம் யாராவது ஏதாவது கேட்டால் இப்போது நான் வாயை மூடிக்கொள்கிறேன். மூடிக்கொள்ள முயற்சி செய்கிறேன். அவர் மெதுவாக, ஆனால் முழுதாகப் பதில் சொல்கிறார்.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறவர்கள் டாக்டரைக் கேட்காமல் உபவாசம் இருக்காதீர்கள். இதை விசுவாசியாகவும் சொல்கிறேன், நர்ஸாகவும் சொல்கிறேன். மற்றபடி எதற்கும் பயப்படாதீர்கள். உங்கள் பயணம் தள்ளிப்போகிறதா? உங்கள் வீட்டில் ஒருவருக்கு என்னவென்றே புரியவில்லையா? உங்கள் டப்பாவை ஆண்டவர் கையில் கொடுங்கள். ஒரு ஒப்பட்டுக்காரிக்கே வெறுமையாகத் திருப்பித் தர மனம் வரவில்லை என்றால், நம் ஆண்டவர் தருவாரா? என்னை நம்ப வேண்டாம், அவரை நம்பிப் பாருங்கள்.

அடுத்த வாரம் கிளம்புகிறேன். பெட்டி தயார், குழல் தயார், நாலு வார்த்தையும் தயார். நேற்று நான் கேட்காமலே என் கணவர் ஹாலிலிருந்து "வெபாலே" என்றார். எதற்கு என்று கேட்டேன். சட்னிக்கு என்றார்.

ப்ளேனில் ஏறி உட்கார்ந்ததும் நான் அவருக்குப் போன் செய்ய வேண்டும். அந்த நிமிடம் அவர் பொருத்தனை முடிகிறது. முதல் காப்பியைக் கையில் வைத்துக்கொண்டு காத்திருப்பாராம். அவர் அதைக் குடிக்கிற சத்தம் என் காதில் விழுந்த பிறகுதான் நான் பெல்ட்டைப் போடுவேன்.